ஒத்தத் தட்டுக்கு நிக்கோணும்

தள்ளி ஒக்காருங்க, தள்ளி. அக்கட்ட இன்னும் ஒரு சாண் எடம் கெடக்குது பாருங்க, அதையும் எதுக்கு வுடறீங்க?

நான் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க. சீலநாயக்கன்பட்டில ஏறுனப்ப தோளு இடிக்க இடிக்க ஒக்காந்தீங்க. என்ற கவர்ல இருந்து இந்தப் பச்ச ஆஸ்பத்திரி நோட்டு நழுவி வுழுந்துச்சு. நீங்களேதான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தீங்க. குடுக்கறப்ப மேல போட்டுருக்கறதப் படிச்சீங்க. படிச்சதும் கைய வேட்டில தொடச்சீங்க. அப்பறம் நவுந்தீங்க. மல்லூரு வரதுக்குள்ள இன்னும் நவுந்தீங்க. இப்பப் பாதி சீட்டு காத்துல இருக்குது. பிரேக்குப் போட்டான்னா எங்க போய் வுழுவீங்க?

ஆமாங்க, எச்ஐவிதான். இன்னும் சத்தமாச் சொல்லட்டுங்களா? முன்னாடி சீட்டுக்காரருக்கும் கேக்கட்டும். சீக்குன்னு தெரிஞ்சு இருவது வருசமாச்சு. இப்ப ரத்தத்துல கிருமியத் தேடுனாக் கெடைக்கறதில்லன்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துருக்கறாங்க. அதுவும் இதே நோட்டுலதான் இருக்குது, உள்ள. நீங்க அட்டையத்தான் படிச்சீங்க. அட்டையப் படிச்சுட்டுத் தீர்ப்புச் சொல்ற ஆளுங்கள நான் நெறையப் பாத்துட்டனுங்க.

எங்க எறங்கறீங்க? நாமக்கல்லா? நானும் நாமக்கல்லுதான். சரி, அது வரைக்கும் கேட்டுக்கிட்டே வாங்க. தொடறதுக்குத்தான பயம், கேக்கறதுக்கு என்ன?

எம்பேரு வையாபுரி. முப்பத்தியோரு வருசம் லாரி ஓட்டுனவன். ஓட்டுறவன். முட்ட லோடு. பாலக்காடு, எர்ணாகுளம், அதுக்கும் அக்கட்ட. ஒரு நடைக்குப் பத்து முட்டைக்கு மேல ஒடைஞ்சதில்ல. மத்த டிரைவருங்க ஒரு குழில வுட்டாலே எரநூறு போவும். அப்பேர்ப்பட்ட கையி இது. அதத்தான் இன்னைக்கு மெதுவுங்கறாங்க.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். நடுவுல இருந்து சொன்னா நீங்க அந்தப் பயலுக்குத்தான் பரிஞ்சு பேசுவீங்க. எல்லாரும் அவனுக்குத்தான் பரிஞ்சுக்கறாங்க.

செங்கோடன். என்ற பொண்டாட்டி பாவாயிக்குக் கூடப் பொறந்த தம்பி. நாப்பத்தெட்டு வயசாவுது. இருவத்திரண்டு வருசமா என்ற வண்டில கிளீனரு. லைசன்ஸ் எடுத்துக்கடான்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன். எடுக்க மாட்டேன்னுட்டான். "ஸ்டேரிங்கு உங்களுது மாமா, பின்னாடி என்னுது"ம்பான். அப்படி ஒரு பிறவி.

வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்ப டிரைவருக்குப் பின்னாடி கண்ணு கெடையாதுங்க. கண்ணாடில பாதிதான் தெரியும். மீதி கிளீனரு கைலதான் இருக்குது. பாடியோட பக்கவாட்டுல உள்ளங்கையால தட்டுவான். ரெண்டு தட்டுன்னா வா, வரலாம். ஒத்தத் தட்டுன்னா நில்லு. எந்த ஊரு லாரி ஸ்டாண்டுல வேணா போய்க் கேளுங்க, இதுதான் சட்டம். ரெண்டு தட்டுக்கு வரோணும், ஒத்தத் தட்டுக்கு நிக்கோணும்.

போன பங்குனில ஒரு கோழிப்பண்ணைல லோடு ஏத்தப் போனோம். எந்தப் பண்ணைங்கறது வேண்டாம். மேடை மேல முட்ட அட்டையெல்லாம் அடுக்கி வெச்சுருந்தாங்க. நான் ரிவர்ஸ் எடுக்கறேன். செங்கோடன் பின்னாடி எடதுபக்கமா நிக்கறான். அவனுக்கு அந்தப்பக்கம் மேடைத் தூணு. தட்டுனான். வண்டி போச்சு. போயித் தூணுல இடிச்சுது. தட்டுன கை நடுவுல மாட்டிக்கிச்சு.

வலது கைங்க. நாலு வெரலு போச்சு. கட்ட வெரலு மட்டும் நிக்குது.

எத்தன தட்டுன்னு கேக்கறீங்களா? ரெண்டு. ரெண்டு தட்டுங்க. இந்தக் காதால கேட்டேன். அவன் ஒத்தத் தட்டுதான் தட்டுனேங்கறான். ஒத்தத் தட்டுக்கு நிக்காம வண்டிய வுடறதுக்கு நான் என்ன நேத்து ஸ்டேரிங்கப் புடிச்சவனா?

டிரைவருங்க சங்கத்துல வெச்சு விசாரிச்சாங்க. எம்பேச்சத்தான் எடுத்துக்கிட்டாங்க. எடுக்காம? முப்பத்தியோரு வருசத்துல ஒரு நாயக் கூட அடிச்சதில்ல நானு. அன்னைக்கு ஸ்டாண்டுல ஒரு பேரு வெச்சேன் பாருங்க அவனுக்கு. 'ரெண்டு தட்டுச் செங்கோடன்.' சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா பரவிருச்சு. டீக்கடக்காரரு அவனுக்கு டீ வெக்கறப்ப மேசைய ரெண்டு தட்டுத் தட்டுவாரு. எல்லாருஞ் சிரிப்பாங்க. நானுந்தான் சிரிச்சேன். அவன் எடது கைல டம்ளரப் புடிச்சுக்கிட்டுக் கீழயே பாத்துக்கிட்டு இருப்பான். அப்பறம் ஸ்டாண்டுப் பக்கமே வரதில்ல. பெரிய ரோசக்காரன்!

இதுல நீங்க ஒன்னு கவனிக்கோணும். சங்கத்துல எந்திரிச்சு நின்னு "ஒத்தத் தட்டுதானுங்க"ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்பறம் வாயத் தொறக்கல. எனக்கு இந்தச் சீக்கு இருக்கறது அந்தக் கூட்டத்துல அவனுக்கு மட்டுந்தான் தெரியும். மாசாமாசம் மாத்திர வாங்கறதுக்கு என்னயக் கூட்டிட்டுப் போறவனே அவன்தான். என்ற கூடப் பொறந்த அண்ணனே தனித் தட்டு, தனி டம்ளருன்னு வெச்சப்ப, இவன் என்ற தட்டுல மிச்சமிருந்த சோத்த எடுத்துத் திம்பான். "இவரு சீக்காளிங்க, இப்பெல்லாங் கையிங்காலும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சங்கமே அவன் பக்கம் திரும்பியிருக்கும். சொன்னானா? சொல்லல. ஏஞ் சொல்லல? குத்தம் அவம்மேல. குத்தமுள்ளவன் எப்படிங்க வாயத் தொறப்பான்?

என்ன அப்படிப் பாக்கறீங்க? நாயத்தத்தான சொல்றேன்?

அவனுக்கு எம்மேல வன்மம். அது அதுக்கு முந்துன தை மாசத்துலயே ஆரம்பிச்சுருச்சு. "மாமா, சிக்னல்ல பச்ச வுழுந்து பின்னாடிக்காரன் ஆரன் அடிச்சதுக்கப்பறந்தான் எடுக்கறீங்க"ன்னான். நான் நிதானமா எடுக்கறது அவனுக்குக் குத்தமாப் படுது. "மாமா, சட்டப் பொத்தானப் போட இம்மா நேரமா?"ன்னான். குளுருல யாருக்குத்தான் வெரலு வெறைக்காது? "மாமா, நீங்க முன்ன மாதிரி பேசறதில்ல, ஒன்னு கேட்டா யோசிச்சு யோசிச்சுச் சொல்றீங்க, ஆஸ்பத்திரில ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னான். அன்னைக்கு வாளையாறு செக்போஸ்ட்டுல வெச்சுக் கன்னத்துல ஒன்னு வுட்டேன். அவன் தார்ப்பாயி கவுறு தளர்ந்துருக்குதான்னு பாக்கப் போயிட்டான். அதயெல்லாம் மனசுல வெச்சுருந்துதான் ரெண்டு தட்டுத் தட்டியிருப்பான். தன்ற கைய அவனே நசுக்கிக்குவானான்னு கேக்காதீங்க. வன்மம் வந்தா மனுசனுக்குக் கண்ணு தெரியாதுங்க.

பாவாயி இருக்கறாளே, அவ தம்பி வூட்டுக்குப் போயி ஒக்காந்துக்கிட்டா. ராசிபுரத்துல. அவனுக்குச் சோறு பெசஞ்சு குடுக்கோணுமாம், சட்ட மாட்டி வுடோணுமாம். அஞ்சு மாசமாச்சு. நான் இங்க ஓட்டல்ல தின்னுக்கிட்டுக் கெடக்கறேன். ஒரு நா போன்ல சொல்றா, "கை போனதுக்கு அவன் ஒரு சொட்டு அழுவலீங்க. அந்தப் பேருக்குத்தான் அழுவறான். நீங்க வந்து அவங் காதுல ஒரு வார்த்த சொல்லுங்க, ஒத்தத் தட்டுதாண்டான்னு. அப்பறம் நான் வூட்டுக்கு வரேன்"ங்கறா.

இத்தனைக்கும் அவளுக்கும் இந்தச் சீக்கு இருக்குது. குடுத்தது நான்தான். வேற யாரு குடுப்பா? ரோட்டுல நான் பண்ணுன கூத்துக்கு அவ மாத்திர திங்கறா. அதச் சொல்லி ஒரு நாளும் என்னய ஏசுனதில்லீங்க. இப்பத் தம்பிக்குன்னதும் ஏசறா. எனக்கு வயிறு எரியாதா?

அதுலதான் நான் ஒரு சவால் வுட்டேன். "ஆஸ்பத்திரில தலையப் படம் எடுக்கச் சொல்லிக்கிட்டே இருக்கறாங்க. எடுக்கறேன். மூளை சுத்தமா இருக்குதுன்னு எழுதி வாங்கிட்டு வரேன். அப்பறம் உன்ற தம்பி ஸ்டாண்டுக்கு வந்து எல்லாருத்து முன்னாடியும் எங்கால்ல வுழுவோணும்"னேன். "சரிங்க, எடுத்துட்டு நேரா இங்க வாங்க, நாங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம்"னா. கொஞ்சங்கூட பயமில்ல அவளுக்கு.

படம் போன வாரம் எடுத்தது. இன்னைக்குத்தான் சேலத்துல நரம்பு டாக்டரம்மா பாத்தாங்க. படத்தப் பாக்கறதுக்கு முன்னாடி எனக்குப் பரிட்ச வெச்சாங்க. கட்ட வெரலையும் ஆள்காட்டி வெரலையும் சேத்துப் பிரி, சேத்துப் பிரின்னாங்க. செஞ்சேன். கைய மூடி மேசைல வை, அப்பறம் பக்கவாட்டுல நிறுத்து, அப்பறம் விரிச்சு வை, அதே வரிசைல திருப்பித் திருப்பிச் செய்யின்னாங்க. செஞ்சேன். தப்பில்லாமச் செஞ்சேன். "சரியாத்தான் செய்றீங்க, ஆனா மெதுவா இருக்குது"ங்கறாங்க. கைல வாட்ச்சு வேற. சரியாச் செஞ்சாப் பத்தாதுங்களா? நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போயிருக்கறேன்?

இந்தாங்க, நீங்களும் பாருங்க. நீங்க புடிக்க வேண்டாம், நானே சன்னலுக்கு நேராப் புடிக்கறேன். இதுதான் என்ற மூளை. சாம்பலா இருக்குதுங்களா? நடுவுல சுண்ணாம்பு தெறிச்சாப்ல வெள்ள வெள்ளயா இருக்குது பாருங்க, அங்க ஒன்னு, இங்க ரெண்டு, இந்த ஓரம் பூரா. அதுதானாம்.

டாக்டரம்மா வெலாவாரியாச் சொன்னாங்க. மூளைக்கு மேலாக்க ரோசன பண்ற பாகம் ஒன்னு இருக்குதாம். அதுக்கு உள்ள, சேதிய ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டு போற பாகம் ஒன்னாம். அதுக்கு வெள்ளப் பகுதின்னு பேராம். பூராவும் ஒயரு மாதிரி நரம்பு, அதுக்கு மேல உறை. எனக்கு அந்த உறையும் நரம்பும் அங்கங்க கெட்டுப் போயிருக்குதாம். "காது கேக்கும், என்ன செய்யோணும்னு உங்களுக்குத் தெரியும், ஆனா காலுக்குச் சேதி போய்ச் சேர நேரமாவும்"ங்கறாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "கிருமியே இல்லன்னு எழுதிக் குடுத்ததும் நீங்கதான், இப்ப கிருமி மூளையக் கெடுத்துருச்சுங்கறதும் நீங்கதானா?"ன்னேன். அதுக்குப் பதில் சொல்றாங்க, மாத்திர எடுக்காம இருந்த காலத்துலயே அது மூளைக்குள்ள போயி வேலையக் காட்டியிருக்கலாமாம். ரத்தத்துல இல்லீன்னாலும் மூளைல ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கலாமாம். பழைய மாத்திரைல சிலதும் காரணமா இருக்கலாமாம். பிரசரு இருக்கலாம், பீடி இருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதாம். இருக்கலாம், இருக்கலாம்! "வண்டி நிக்கலாம், நிக்காமயும் போகலாம்"னு ஒரு டிரைவரு பேசுனா வுடுவாங்களா?

மாத்திர எடுக்காத காலமுன்னா நாலு வருசம். ஆரம்பிங்கன்னு அப்பவே சொன்னாங்க. ஒருத்தன் பொடி குடுத்தான், வேரோட போயிருமுன்னான். நாலு வருசம் பொடியத் தின்னேன். பாவாயி பொடியத் தொடவே இல்ல. சொன்ன அன்னைக்கே மாத்திர எடுக்க ஆரம்பிச்சா. அவ இன்னைக்கும் ஊசில நூலு கோக்கறா, அக்கம்பக்கத்து வூட்டுக் கணக்கையும் மனசுலயே போடறா. செங்கோடன்தான் ஒரு நாளு அந்தப் பொடி டப்பாவச் சன்னல் வழியா ரோட்டுல வீசிட்டு, வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க மாமான்னான். பேச்சுக்குச் சொல்றேன், அதையெல்லாம் நீங்க பெருசா எடுத்துக்காதீங்க.

"அப்ப இனி மாத்திரயே வேண்டாம், நிறுத்திப்போடறேன்"னு எந்திரிச்சேன். அந்தம்மாளுக்கு வந்துச்சே கோவம்! "நீங்க நடந்து வந்து எங்கிட்டச் சண்ட போடறதே அந்த மாத்திரயாலதான். நிறுத்துனீங்கன்னா இதவிட மோசமாவும். மாத்திரய மாத்திப் பாக்கலாம், பிரசரக் கட்டுக்குள்ள வெக்கலாம், பீடிய வுடுங்க"ன்னாங்க. நான் எங்க நிறுத்தறது? பதினாறு வருசத்துல ஒரு வேள தப்புனதில்ல. வையறதும் நான்தான், முழுங்கறதும் நான்தான்.

கடசீல மெதுவாத்தான் சொன்னாங்க. "வண்டி மட்டும் இனி ஓட்டாதீங்க அய்யா." அய்யாவாம்! அந்த அய்யாவக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. சீக்கு வந்தப்ப அழுவாதவன். கூடப் பொறந்தவனே ஒதுக்குனப்பவும், எங்கிட்ட ஸ்டேரிங்கு இருக்குதுடா, நீங்க எவண்டா எனக்குன்னு போனவன். இப்ப அதுவும் இல்லீன்னா நான் யாருங்க? பச்ச நோட்டுக்காரன், அவ்வளவுதான?

அதனாலதான் எறங்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். ராசிபுரத்துல எறங்கல. டிக்கெட்டே நாமக்கல்லுக்குத்தான் எடுத்துருக்கறேன். இந்தப் படத்த அவங்க கண்ணுல காட்டுனா என்ன ஆவும்? செங்கோடன் சொன்னது நெசமாயிரும். நான் சொன்னது பொய்யாயிரும். அப்பறம் ஸ்டாண்டுல எனக்கு ஒரு பேரு வெப்பாங்க. அவனுக்காவது கைதான் போச்சு. எனக்குத் தலையே போன மாதிரிங்க.

வந்துருச்சா? ராசிபுரந்தான். நீங்க எட்டிப் பாக்காதீங்க, சன்னல்ல நான் தெரியக் கூடாது. இல்ல, இருங்க. இந்தக் கவர வெச்சு மூஞ்சிய மறைச்சுக்கறேன்.

அதோ, அதான் பாவாயி. பச்சச் சேல. பக்கத்துல… அவனும் வந்துருக்கறான் பாருங்க. கைல துண்டச் சுத்தி மறைச்சுக்கிட்டு. எதுக்கு வந்தான்? ஜெயிச்சுட்டேன்னு காட்ட வந்துருப்பான். பின்னாடி இருந்து ஒவ்வொரு சன்னலாப் பாத்துக்கிட்டு வரான். வண்டிக்குப் பின்னாடியே நின்னு பழக்கம், அதான் பின்னாடி இருந்து வரான். எளச்சுட்டான். சட்டையெல்லாந் தொங்குது.

என்னயப் பாத்துட்டான்.

சிரிக்கறான். அட, என்னயப் பாத்துச் சிரிக்கறான். "மாமா வந்துட்டாருக்கா"ங்கறான், கேட்டுச்சுங்களா? படத்தக் கேக்கல, ஒன்னுங் கேக்கல. மாமா வந்துட்டாருங்கறான். சின்னப்புள்ளயாட்டம். பைய வாங்கறதுக்கு அந்த எடது கைய நீட்டறான். சரி. சரிங்க, நான் எறங்கறேன். வழி வுடுங்க, காலத் தூக்குங்க. கவர எடுத்துக்கறேன். நோட்டு எங்க? நோட்டு இருக்குது. எறங்கறேன், இருங்க, இந்தக் கம்பியப் புடிச்சு…

ரெண்டு விசிலு அடிச்சுட்டான். யோவ் கண்டக்டரு! ஆளு எறங்கோணும்யா! நிறுத்தச் சொல்லுங்க, கத்துங்க, உங்களுக்குத்தான் சத்தம் வரும். கேக்கல அவனுக்கு. எரைச்சல்லயும் கூட்டத்துலயும் எங்க கேக்கும். போயிருச்சு. ஸ்டாண்டத் தாண்டியாச்சு. அவன் பின்னாடியே ஓடி வந்தான், பாத்தீங்களா? துண்டு அவுந்து வுழுந்துருச்சு.

நான் எந்திரிச்சேன்தானுங்க? நீங்க பாத்தீங்கள்ல? எறங்கோணும்னு நெனச்சேன். நெசமா நெனச்சேன். அவன் சிரிச்சப்பவே நெனச்சுட்டேன். நெனச்சதுக்கும் எந்திரிச்சதுக்கும் நடுவுல என்னமோ ஆயிருச்சு.

அன்னைக்கும் இப்படித்தானுங்க.

ஒத்தத் தட்டுதான். நல்லாக் கேட்டுச்சு. இருவத்திரண்டு வருசமாக் கேக்கற தட்டு, எனக்குத் தெரியாதா? நில்லுங்கறான், நிக்கோணும்னு நெனச்சேன். பிரேக்க மிதிச்சேன். மிதிச்சது சரிதான். நான் மிதிக்கறதுக்குள்ள அவங் கத்திட்டான்.

இத அந்த டாக்டரம்மாகிட்டயுஞ் சொல்லல. பாவாயிகிட்டயுஞ் சொல்லல. உங்ககிட்டப் போயிச் சொல்லிட்டேன், உங்க பேரு கூடத் தெரியாது. நாமக்கல்லுதான நீங்க? முட்ட லாரி ஸ்டாண்டுப் பக்கம் போனா, வையாபுரியே சொன்னான்னு சொல்லுங்க. ஒத்தத் தட்டுன்னு. வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம். சொன்னா நம்ப மாட்டானுங்க. நான்தான் சொல்லோணும்.

அடுத்த ஸ்டாப்பு ஆண்டகளூரு கேட்டுதான? எவ்வளவு தூரம் இருக்கும், பத்து நிமிசமா? அங்க எறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிப் போறேன். அவங்க ரெண்டு பேரும் அங்கயேதான் நிப்பாங்க. கொஞ்சம் வழி வுடுங்க. பஸ்ஸு நின்னதுக்கப்பறம் எந்திரிச்சா எனக்கு ஆவறதில்லீங்க. இப்பவே போயிப் படிகிட்ட நின்னுக்கறேன்.